பதினெட்டாவது போல்ட்

வெள்ளோடையில் பந்து ஓட ஆரம்பித்தது மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத ஊர் அது, மூன்று வார்டுக்கு ஏழு கட்சி நிற்கும், கோயில் கொடைத் தேதிக்கே இரண்டு நோட்டீஸ் அடிப்பார்கள், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால்கூட ஒருவன் மறுத்துப் பேச எழுந்திருப்பான், ஆனால் பந்து விஷயத்தில் மட்டும் ஐந்தே முக்கால் என்றால் எல்லோருக்கும் ஐந்தே முக்கால்தான்.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம், அதுதான் வெள்ளோடை உப்புத் தொழிலாளர் மனமகிழ் மன்றம். வெள்ளைக்காரன் கம்பெனி நடத்திய நாளில் அவன் ஆடுவதற்கென்று கப்பலில் இறக்கிய, கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுகிற பூல் மேசை அங்கே இருந்தது, கம்பெனி போய்ச் சங்கம் போராடி மன்றத்தைத் தொழிலாளர் பேருக்கு வாங்கியபோது மேசையும் கூடவே வந்தது. ஆறு குழி, பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கற்பலகை, அதன்மேல் பச்சைத் துணி, சுற்றிலும் ரப்பர் வைத்துத் துணி போர்த்திய ஆறு ஓரக்கட்டைகள். பந்து போய் மோதித் திரும்புவது இந்தக் கட்டைகளில்தான். கட்டைக்கு மூன்று வீதம் பதினெட்டு போல்ட்டுகள் அடியிலிருந்து கற்பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி, கட்டைக்குள் பதித்த இரும்புத் தகடுகளில் மரை பிடித்து நிற்கும், அப்படி இறுகப் பிடித்து நின்றால்தான் கட்டைக்கு உயிர். ஒரு போல்ட் தளர்ந்தாலும் போதும், அந்த இடத்தில் மோதுகிற பந்து ஈரச் சாக்கில் விழுந்த தேங்காய் போலத் தொப்பென்று படுத்துக்கொள்ளும்.

வெள்ளோடைக் காற்றில் உப்பு இருந்ததால் அங்கே இரும்பு என்று பெயர் வைத்த எதுவும் நிம்மதியாக இருந்ததில்லை. சைக்கிள் செயின் இரண்டு மாதத்தில் சிவக்கும், கதவுக் கொண்டி ஒரு வருஷத்தில் கையோடு வரும், மேசையின் போல்ட்டுகளோ கம்பெனிக்காரன் போன நாளிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்காமல் துருவேறிக் கிடந்தன. வெளியூர் மன்றத்துக்காரர்கள் ஆட வந்தால் நாலு அடி அடித்துப் பார்த்துவிட்டு, "இது மேசையா, உப்பு மூட்டையா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள், ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கும்.

இந்த மேசை சந்தனமாரியின் கைக்கு வந்தது அந்த வருஷம்தான். அவள் உப்பளத்துப் பம்பு செட்டுகளின் ஃபிட்டர், நாற்பத்துமூன்று வயது, இருபத்தொரு பம்புகள் அவள் பொறுப்பில் இருந்தன. பம்பு மட்டுமா, நட்டும் போல்ட்டும் உள்ள எதுவானாலும் ஊரில் அவள் தலையில்தான் வந்து விடியும், மாவரைக்கிற கிரைண்டர், முனியசாமி கோயில் சப்பரத்துச் சக்கரம், மாதா கோயில் மணி தொங்குகிற கொக்கி, எல்லாம் அவள் முறுக்கியவை. "நான் முறுக்குன போல்ட்டு தானாக் கழலாது, கழலணும்னா நாந்தான் வந்து கழத்தணும்" என்று அவள் சொல்லுவாள், அதைக் கர்வம் என்று நாலு பேர் சொன்னார்கள். கர்வம்தான், அந்தக் கர்வத்துக்கு வேண்டிய வேலையை அவள் செய்திருந்தாள்.

மாவட்டத் தொழிலாளர் மன்றங்களுக்கான பூல் போட்டியை முதல் தடவையாக வெள்ளோடையில் நடத்துவதென்று முடிவானதும், மன்றச் செயலாளர் லிங்கத்துரை நேராக அவளிடம் வந்தார். லிங்கத்துரை எப்போதும் வெள்ளை வேட்டி, எப்போதும் அவசரம், சாவகாசமாக நடந்ததை யாரும் பார்த்ததில்லை.

"மாரி, மூணே நாளுதான் இருக்கு. வியாழக்கிழம சாயங்காலம் யூனியன் தலைவர் வந்து மேசையத் தொடங்கி வைக்காரு. முடியுமா, முடியாதா?"

"முடியும் அண்ணாச்சி. ஆனா நடுவுல வந்து எட்டிப் பாக்கக் கூடாது."

மூன்று நாளும் அவள் மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தாள். முதலில் ஒரு பந்தை எடுத்து ஆறு கட்டைகளையும் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, சத்தம் செத்திருந்த இடமெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாய்க் கழற்றி, தகடுகளின் மரையைச் சுத்தம் செய்து, புது போல்ட்டும் புது வாஷரும் போட்டு, முதலில் வெறுங்கையால் ஏற்றி, அப்புறம் ஸ்பானரால் நடுவில் அரைச்சுற்று, இந்தப் பக்கம் அரைச்சுற்று, அந்தப் பக்கம் அரைச்சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கி, கட்டையின் நீளத்துக்கு நூல் பிடித்துப் பார்த்து, நூலுக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியாதவரை விடவில்லை. பதினேழு போல்ட்டுகள் அப்படி முடிந்தன.

பதினெட்டாவது, கிழக்கே கடலைப் பார்த்த கட்டையின் நடு போல்ட். அதை முறுக்கினால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே தகட்டைப் பிடித்திருந்த மரம் மக்கிப்போய்த் தகடும் கூடவே சுற்றியது. கட்டையைக் கழற்றி, மக்கிய மரத்தைச் செதுக்கி எடுத்து, பூவரசங்கட்டையில் ஆப்பு செய்து பசை போட்டு அடித்து, ஒரு நாள் காயவிட்டுத் தகட்டைத் திரும்பப் பதிக்க வேண்டும். மணி அப்போது நாலரை.

வெளியே லிங்கத்துரையின் குரல் கேட்டது. "மாரி, தலைவர் வண்டி ரயில்வே கேட்டத் தாண்டிட்டுன்னு போன் வந்துட்டு! துணிய விரிக்கலாமா?"

அப்போது சந்தனமாரி ஒரு காரியம் செய்தாள், பம்பு ஃபிட்டரைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத காரியம். பையிலிருந்து சணல் நாரை எடுத்து, குழாய் மூட்டுக்குப் பூசுகிற வெள்ளைப் பசையில் தோய்த்து, போல்ட்டின் மரையைச் சுற்றி நெருக்கமாக வரிந்து, தகட்டோடு சேர்த்து உள்ளே திணித்து முறுக்கினாள். ஈரக் குழாயில் அது வருஷக்கணக்கில் நிற்கும், மரத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. நாளைக் காலையில் முதல் வேலையாகக் கழற்றிச் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையைத் துடைத்தபடி மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தாள்.

தலைவர் வந்தார், நாடா வெட்டினார், நாற்பது நிமிஷம் பேசினார். முதல் அடியை ஆறுமுகநயினார் அடிக்கட்டும் என்று ஊரே சொன்னது. நயினார் எடைமேடைக் கிளார்க், ஊரிலேயே நல்ல ஆட்டக்காரர், ஆட்டத்துக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் கோலை எடுத்து, நுனியில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, வெள்ளைப் பந்தைச் சரிவாக ஒரு அடி அடித்தார். பந்து தெற்குக் கட்டையைத் தொட்டது, மேற்கே போய்த் தொட்டது, வடக்கே தொட்டது, கிழக்கே தொட்டது, மறுபடி தெற்கே போனது. எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிந்தது, பந்து போய்க்கொண்டிருந்தது. டீ வந்தது, குடித்தார்கள், தம்ளரைக் கழுவி வைத்தார்கள், தலைவருக்குத் துண்டு போர்த்தி வண்டி ஏற்றிவிட்டு வந்தார்கள், பந்து அதே வேகத்தில், அதே தடத்தில், ஒரு குழியிலும் விழாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வே நிக்கும்?" என்று லிங்கத்துரை கேட்டார்.

"நிக்கும்போது நிக்கும்" என்றார் நயினார்.

பூட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் சந்தனமாரி பூவரச ஆப்பும் பசையுமாக வந்து பார்த்தால் மன்றத்து வாசலில் முந்நூறு பேர். பந்து நிற்கவில்லை. அவள் ஸ்பானரை எடுத்தாளோ இல்லையோ, "ஏ மாரி, கைய வச்சிராத! தொட்டு நின்னுட்டுன்னா என்ன செய்ய?" என்று அத்தனை பேரும் ஒரே வாயாகக் கத்தினார்கள். அவள் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பம்பு பார்க்கப் போனாள்.

முதல் வாரம் ஊர் பந்தைப் பார்க்கப் போனது. இரண்டாவது வாரம் வெளியூர் பார்க்க வந்தது. மூன்றாவது வாரம் பார்க்கிற வேலையெல்லாம் முடிந்து ஊர் பந்தோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. ஒரு சுற்றுக்கு நாலு தட்டு, ஒன்பது விநாடி, டக், டக், டக், டக், பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது, ஆனால் உப்பளத்தில் சத்தத்தை மறிக்க ஒரு மரம்கூடக் கிடையாது, ஆகையால் அது பாத்தி பாத்தியாகத் தாண்டிப் போய்க் கடைசிப் பாத்தியில் உப்பு வாருகிற பெண்களின் காதுக்கும் எட்டியது, அவர்கள் அந்தத் தட்டுக்குப் பலகையை இழுத்தார்கள், இழுத்ததில் முதுகுவலி குறைந்தது என்றார்கள், குறைந்ததோ இல்லையோ குறைந்தது என்று சொல்ல அவர்களுக்குப் பிடித்திருந்தது. தொட்டிலாட்டும் வேலை தாய்மாருக்கு இல்லாமல் போனது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. முட்டை அவிக்கிறவர்கள் எழுபது சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

முனியசாமி கோயில் பூசாரி வந்து மேசையின் தெற்குக் காலுக்குச் சந்தனம் வைத்தார், மறுநாள் பங்குச் சாமியார் வந்து வடக்குக் காலுக்குத் தீர்த்தம் தெளித்தார், பள்ளிவாசல் மோதினார் வந்து வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கல்லூரியிலிருந்து ஒரு இயற்பியல் வாத்தியார் ஸ்டாப் வாட்ச்சோடு வந்து மூன்று நாள் குறிப்பெடுத்தார், நாலாவது நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு லோடு ஏற்றுகிறவர்களோடு கேரம் ஆட உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து மேசையின் இரண்டு பக்கமும் நிறுத்துவது வழக்கமானது. நூறு சுற்று முடியும்வரை இருவரும் வாய் திறக்கக் கூடாது, நூறு சுற்றுக்குக் கால்மணி நேரம், அதற்குள் பாதிப் பேருக்கு எதற்குச் சண்டை என்பதே மறந்துபோகும், மீதிப் பாதிப் பேர் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஊருக்குப் பிரிகிற முக்கில் பஸ் கண்டக்டர்கள் வெள்ளோடை விலக்கு என்று சொல்வதை விட்டுவிட்டு, "பந்து விலக்கெல்லாம் எறங்கு" என்று கத்தினார்கள். வெளியூரில் பெண் கட்டிக்கொடுத்த வீட்டில் வெள்ளோடைக்காரி என்றால் ஒரு மரியாதை வந்தது. உப்பு மூட்டை என்று சிரித்த ஊர்களுக்கெல்லாம் வெள்ளோடைக்காரர்கள் வேண்டுமென்றே போய், வேண்டுமென்றே டீ குடித்து, "எங்க ஊர்ல பந்து நிக்காது" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மாவட்டப் போட்டி தள்ளிப்போனது. மேசை ஓய்வாக இல்லை என்று லிங்கத்துரை கடிதம் எழுதினார். நயினார் மட்டும் தினமும் வேலை விட்டதும் மன்றத்துக்கு வந்து, கோலை எடுத்து நுனிக்குச் சாக்குக்கட்டி தேய்த்து, பந்து சுற்றுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கோலைத் திரும்ப அதன் இடத்திலேயே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சந்தனமாரிக்கு வந்த பேர் சொல்லி மாளாது. பந்து விலக்கில் அவள் ஸ்பானரோடு நிற்கிற ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அவள் பேருக்கு முன்னால் "பதினெட்டு போல்ட்" என்று பட்டம் போட்டார்கள். கர்ப்பிணிப் பெண்கள் வந்து அவள் கையைத் தங்கள் வயிற்றில் வைத்துக்கொண்டு போனார்கள். புகழ் யாருக்குத்தான் கசக்கும், அவளுக்கும் இனிக்கத்தான் செய்தது, ஆனால் ஒவ்வொரு தடவை யாராவது "பதினெட்டு போல்ட்" என்று சொல்லும்போதும் அவள் மனசு பதினேழு என்று திருத்திக்கொண்டது.

அது போதாதென்று சத்தம் வேறு. டக், டக், டக் என்று மூன்று தட்டும் ஒன்றுபோல இருக்க, கடல் பக்கத்து நாலாவது தட்டில் மட்டும் ஒரு மயிரிழை மாறியிருந்தது. வேறு ஒருவர் காதுக்கும் அது படவில்லை. பம்பு மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்லுகிற காது அது, அந்தக் காதை அவள் எங்கே கழற்றி வைக்க முடியும்? கஞ்சி குடிக்கும்போது கேட்டது, துணி துவைக்கும்போது கேட்டது, சித்திரை போய் வைகாசி வந்து கடற்காற்று ஈரத்தை அள்ளிக் கொண்டுவந்து கொட்டியபோது மயிரிழை நூலிழையானது. சணல் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இன்றோ நாளையோ அது இற்றுப்போகும், கட்டை விலகும், பந்து எங்காவது போய்ச் செத்து விழும், அப்போது ஊர் எல்லாவற்றையும் பழிக்கும், துணியை, காற்றை, கண் திருஷ்டியை. அவளை மட்டும் பழிக்காது. அதை நினைத்தால்தான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே தன் புருஷன் தவசிமுத்துவிடம் சொன்னாள். தவசிமுத்து உப்பு லாரி ஓட்டுகிறவன், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனுஷன்.

"பதினேழு சரியாத்தான இருக்கு? நூத்துக்கு எவ்வளவு வருதுன்னு பாரு, பரீட்சைன்னா நீ ஃபர்ஸ்ட் கிளாஸுட்டி" என்றான் அவன்.

"உம்ம லாரில ஆறு சக்கரத்துல அஞ்சுக்குத்தான் நட்டு முறுக்கியிருக்குன்னா ஓட்டிட்டுப் போவீரா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போவ மாட்டேன்" என்றான்.

"பெறவென்ன?"

"ஊரு ஒன்ன உண்டு இல்லன்னு ஆக்கிரும்ட்டி, அதான் பாக்கேன்."

"ஆக்கட்டும்."

ஆனி மாதம் பந்து நூறு நாள் முடித்ததற்கு மன்றத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். காலை பத்து மணி, உள்ளே இடமில்லாமல் ஜன்னலெல்லாம் தலை. மேசை நடுவில் பந்து சுற்றிக்கொண்டிருக்க, அதன் சத்தத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் மைக்கை மெதுவாக வைத்திருந்தார்கள். லிங்கத்துரை பொன்னாடை போர்த்தி, ஸ்பானர் வடிவத்தில் செய்த கேடயத்தைக் கொடுத்து, ஒரு வார்த்தை பேசச் சொன்னார்.

சந்தனமாரி பொன்னாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். "இத நான் இப்ப வாங்கிக்கிட மாட்டேன்" என்றாள். "இந்த மேசையில பதினேழு போல்ட்டுதான் நான் போட்டது. கடல் பக்கத்துக் கட்டையில நடு போல்ட்டு சணலச் சுத்தித் திணிச்சது. மரம் மக்கிப் போயிருக்கு. அவசரத்துல செஞ்சேன், மறுநாள் சரி பண்ணிருவோம்னு நெனச்சேன், நீங்க விடல. விடலன்னு சொல்லி நானும் சும்ம இருந்துட்டேன். அது என் தப்பு. இன்னைக்கு அதக் கழத்திச் சரி பண்ணப் போறேன்."

லிங்கத்துரை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"கோட்டி புடிச்சிருக்கா மாரி ஒனக்கு? கட்டையக் கழத்துனா பந்து நின்னுருமே! சணலோ சாக்கோ, நூறு நாளு ஓடிருக்குல்லா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே அண்ணாச்சி. நூறு நாளாத் தெரிஞ்சுக்கிட்டுதான கெடக்கு."

"ஊரு பேரு போயிரும்மா."

"ஊரு பேரு சணல்ல நிக்க வேண்டாம்" என்றாள் அவள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் பொத்திய மைக்கையும் மீறி ஜன்னல்வரை கேட்டது.

யாரோ அழுதார்கள், யாரோ ஏசினார்கள், அவளைத் தடுக்க நாலு பேர் முன்னால் வந்தார்கள். நயினார் எழுந்து வந்து அந்த நாலு பேருக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். "அவ போட்டது, அவ கழத்துவா" என்றார், அன்றைய பத்து வார்த்தையில் நாலை அதற்குச் செலவழித்தார். சந்தனமாரி மேசையோரம் போய், பந்து வரும் வழியில் உள்ளங்கையை வைத்தாள். பந்து வந்து அவள் கையில் ஏறி நின்றது. அப்போது இட்ட முட்டை போல அது லேசாகச் சுட்டது.

கடைசிப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை நடுவில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஊரில் அத்தனை தொட்டில் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழித்து வீறிட்டன. அன்றைக்கு முழுக்க வெள்ளோடையில் சோறு குழைந்தது, முட்டை வெடித்தது, மன்றத்துக்கு வந்திருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பாதிச் சண்டையோடு நின்று என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரி இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டேதான் கட்டையைக் கழற்றினாள். சணல் கறுத்து நாறிப் போயிருந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி மேசை மேல் வைத்தாள். மக்கிய மரத்தைக் கடைசித் துணுக்குவரை செதுக்கி, நல்ல மரம் வெள்ளையாகத் தெரிந்த பிறகு பூவரச ஆப்பைப் பசை போட்டு அடித்து, "நாளைக்கு இதே நேரம்" என்று சொல்லிவிட்டு, பந்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை காய்ந்த ஆப்பில் தகட்டைப் பதித்து, கட்டையை ஏற்றி, நடுவில் அரைச்சுற்று, இந்தப் பக்கம் அரைச்சுற்று, அந்தப் பக்கம் அரைச்சுற்று முறுக்கினாள். நூலின் ஒரு முனையை நயினார் பிடித்தார். வெளிச்சம் தெரியவில்லை. அவள் முந்தானையை அவிழ்த்துப் பந்தை மேசையில் வைத்தாள், நயினார் கோலை எடுத்து, நூறு நாளைக்கு முன்னால் அடித்த அதே அடியை அடித்தார்.

டக். டக். டக். டக். நாலும் ஒன்றுபோலக் கேட்டன. சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள், அவள் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது, நூறு நாளில் ஒரு நாள்கூட அவளுக்கு வாய்க்காத சந்தோஷம். பந்து ஐந்தாவதாகத் தெற்கே தொட்டது, ஆறாவதாக மேற்கே தொட்டது, வேகம் குறைந்தது, ஏழாவதாக வடக்குக் கட்டையைத் தொட்டு, ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. நல்ல மேசையில் நல்லவிதமாக அடித்த பந்து எங்கே நிற்குமோ அங்கே நின்றது.

ஊர் காத்திருந்தது. பந்து அசையவில்லை.

"போச்சு" என்றார் லிங்கத்துரை. "எல்லாம் போச்சு."

"நாலும் ஒண்ணு போலக் கேட்டுச்சாண்ணே?" என்று சந்தனமாரி நயினாரைக் கேட்டாள்.

"கேட்டுச்சு."

"அப்ப ஆடுங்க."

நயினார் மீதிப் பந்துகளை எடுத்து மேசையில் அடுக்கினார். கோலுக்குச் சாக்குக்கட்டி தேய்த்தார், இந்தத் தடவை அதைத் திரும்பச் சாத்தவில்லை.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. பந்து விலக்கு என்ற பேர் மட்டும் இருந்தது, ஃப்ளெக்ஸைக் கிழித்து ஆட்டுக் கொட்டிலுக்கு மறைப்புக் கட்டினார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. பிள்ளைகள் அழுதபோதெல்லாம் தாய்மார் அவள் வீட்டுப் பக்கம் பார்த்தே அதட்டினார்கள். அவள் எதிரே வந்தால் லிங்கத்துரை சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பினார். பம்பு பழுதானால் அவளைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, ஆகையால் கூப்பிட்டார்கள், பம்பு எது என்று கையால் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவள் பம்பைப் பார்த்தாள், முறுக்க வேண்டியதை முறுக்கினாள், நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தாள். தவசிமுத்து மட்டும் லாரியில் ஏறுமுன் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

பந்து நின்ற நாற்பத்தோராவது நாள், தள்ளிப்போட்டிருந்த மாவட்டப் போட்டி வெள்ளோடைக்கே வந்தது. மேசை இப்போது ஓய்வாக இருக்கிறது என்று லிங்கத்துரைதான் மனசில்லாமல் கடிதம் எழுதியிருந்தார். பதினோரு மன்றங்கள் வந்தன, ஊரே மன்றத்தில் கூடியது, சந்தனமாரியும் வந்து வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள், அவளைச் சுற்றி ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த நடுவர் தலை நரைத்த ஒல்லியான மனுஷர், தென்னாட்டில் அவர் ஏறி இறங்காத மன்றம் இல்லை என்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் அவர் ஒரு பந்தைக் கையில் எடுத்து, கட்டைகளை ஓரமாகத் தட்டிக்கொண்டே மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கிழக்குக் கட்டையின் நடுவில் வந்ததும் நின்று, இன்னொரு தடவை தட்டினார். பிறகு சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் படுத்து, டார்ச்சை அடித்துக்கொண்டு மேசைக்கடியில் போனார். மன்றம் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து வந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷமா மேசை பாக்கேன்" என்றார். "பழைய மேசைன்னா எங்கயாவது ஒரு எடத்துல சத்தம் காதுல குத்தும். இது குத்தல. இந்தக் கட்டைகளப் பூட்டுனது யாரு?"

வெளியூர்க்காரர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். லிங்கத்துரை வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் நாற்பத்தோரு நாளாகப் பார்க்காத முகத்தைப் பார்த்தார், பார்த்ததும் அவர் நெஞ்சு அவரைக் கேட்காமலே நிமிர்ந்தது.

"எங்க ஊரு ஃபிட்டரு" என்றார், அவர் குரல் மன்றத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "எங்க சந்தனமாரி."

"அந்தா நிக்காவ" என்று இருபது கை அவளைக் காட்டியது. அவளைச் சுற்றியிருந்த காலி இடம் எப்போது நிறைந்தது என்று தெரியவில்லை, தோளோடு தோளாக ஆட்கள் நின்றார்கள்.

நடுவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பதினெட்டும் நீங்களாம்மா?"

சந்தனமாரி சுவரிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றாள்.

"ஆமாய்யா" என்றாள். "பதினெட்டும் நாந்தான்."